மூன்றாவது பல்பு

ஜெகதாம்பாளுக்கு ஓர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுகிற வழக்கம் உண்டு. போட்ட எடை பாதிக்குப் பாதி தப்பிப்போகும். அதற்காக அந்த வழக்கத்தை விட்டாளா என்றால், அதுதான் இல்லை. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதம், மர்ஜியா தன் ஸ்கூட்டியில் அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வெங்காயக் காட்டு வரப்புவரைக்கும் ஓட்டிவந்து இறங்கியபோதும் எடை போட்டாள். வெள்ளைச் சுடிதார், தலையைச் சுற்றிய முக்காடு, தோளில் லேப்டாப் பை. இது ஒரு நாள் வெயிலுக்குத் தாங்காது என்று முடிவுகட்டிவிட்டுக் களைக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மர்ஜியா லப்பைக்குடிக்காட்டுப் பெண். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். பாடம் நடத்தினோமா, சம்பளம் வாங்கினோமா என்று இருக்காமல், வேப்பந்தட்டைக்கு மேற்கே பச்சமலை தெரிகிற இந்த ஊர்வரைக்கும் அவள் வந்ததற்குக் காரணம் வெங்காயம்தான். சின்ன வெங்காயம் இல்லையென்றால் இந்த ஊரே இல்லை. அறுத்த வெங்காயத்தில் விதைக்கென்று ஒதுக்கியதைப் பட்டறையில் போட்டுப் புரட்டாசி நடவு வரைக்கும் காப்பாற்ற வேண்டும். பட்டறை என்றால் பெரிய கட்டடம் இல்லை. கல்லின்மேல் கம்பு பரப்பி, இரண்டு பக்கமும் மூங்கில் படல் கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்த ஒடுக்கமான நீளக் கூடு. அடியிலும் பக்கத்திலும் காற்று புகுந்து போகும். ஆனால் நடுவயிற்றில் ஈரம் இறங்கிச் சூடு ஏறினால் வெளியே நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. நாற்றம் வந்து தெரியும்போது பாதி அழுகிப்போயிருக்கும்.

ஜெகதாம்பாளுக்குப் போன வருஷம் அப்படித்தான் ஆயிற்று. விதை முழுக்கப் போயிற்று. நடவுக் காலத்தில் அவள் காடு வெறும் காடாகக் கிடந்தது. புருஷன் போன பிறகும் ஒற்றை ஆளாக விவசாயம் பார்த்து, யாரிடமும் தலைகுனியாமல் நின்றவள், பக்கத்துக் காட்டு அய்யம்பெருமாளின் வெங்காயத்துக்குக் கூலிக்குக் களையெடுக்கப் போனாள். தன் வரப்பைத் தாண்டி அவர் காட்டில் போய்க் குனிந்த அந்த முதல் நாளை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும். இன்னொரு தடவை அப்படிக் குனிவதைவிட ஊரைவிட்டே போய்விடலாம் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

மர்ஜியாவின் ஏற்பாடு இதுதான். ஐந்து பட்டறைகளின் நடுவயிற்றிலும் இரண்டு ஓரத்திலும் ஈரத்தையும் சூட்டையும் அளக்கிற சென்சார், பட்டறைக்கு ஒரு பெட்டி. அது கம்பியே இல்லாமல் காற்றிலேயே சேதி அனுப்பும். அந்தச் சேதியை வாங்க, கரண்டு வசதி இருக்கிற அய்யம்பெருமாளின் மோட்டார் கொட்டகைமேல் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் அக்சஸ் பாயிண்ட் என்கிற ஒரு பெட்டி. கொட்டகைச் சுவரில் ஒரு பலகை, பலகையில் ஆளுக்கொன்றாக ஐந்து பல்பு. பச்சை எரிந்தால் பட்டறை சுகம். சிவப்பு எரிந்தால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். எதுவுமே எரியவில்லையென்றால் சேதி வரவில்லை என்று அர்த்தம். மூன்றாவது பல்பு ஜெகதாம்பாளுடையது. இருப்பதிலேயே தூரமான பட்டறை அவளுடையதுதான்.

"காத்துல சேதி வருமாம்ல," என்றார் அய்யம்பெருமாள், மீசையைத் தடவிக்கொண்டு. "கம்பியில வர்ற கரண்டே நம்மூருக்கு ஒழுங்கா வந்து சேரல."

"வரும்ணே. வரலன்னா நானே வந்து கழட்டிட்டுப் போயிடறேன்," என்றாள் மர்ஜியா. அவள் முகத்தில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை. ஜெகதாம்பாள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

அந்த அக்சஸ் பாயிண்ட் வந்த கதையையும் மர்ஜியாவே சொன்னாள். அவளுடைய அண்ணன் சஃப்வான் துபாயிலிருந்து வரும்போது பால்பவுடர் டின்னுக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவில் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தானாம். ஏர்போர்ட்டில் இது என்ன என்று கேட்டதற்கு, விளையாட்டாக, "என் தங்கச்சி கேட்ட நகை சார்" என்று சொல்லித் தொலைத்திருக்கிறான். நகை என்றதும் அவர்கள் பெட்டியையே கவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள்.

"நகைக்குப் பதிலா இதக் கேட்டியா நீ?" என்று ஜெகதாம்பாள் வாயைப் பிளந்தாள்.

"நகைய வச்சு என்னக்கா பண்றது, பட்டறையில போட முடியுமா?"

வேலை என்று வந்ததும் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டுமே. வெயிலில் லேப்டாப்புத் திரை தெரியவில்லை என்று போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, போட்டோ பிடிக்கிறவன் கறுப்புத் துணிக்குள் புகுந்ததுபோல வரப்பிலேயே நடந்தாள். ஒரு இடத்தில் நிற்பாள், பார்ப்பாள், இரண்டடி தள்ளி மறுபடி நிற்பாள். வரப்புத் தெரியாமல் வாய்க்காலில் விழப் போனவளை ஜெகதாம்பாள்தான் பிடித்து நிறுத்தினாள். அதற்குப் பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். ஒரு நாள் தாங்காது என்று எடைபோட்ட பெண், மத்தியானம் நிழலில் உட்கார்ந்து கம்மங்கூழும் வெங்காயமும் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போர்வைக்குள் புகுந்துவிட்டாள்.

கம்பம் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு உயரம் என்பதற்கு அவள் செய்த வேலைதான் வேடிக்கை. "அக்கா, வீட்டுல பளபளன்னு எவர்சில்வர் தட்டு இருக்குங்களா?" என்று கேட்டாள். ஜெகதாம்பாள் தட்டோடு தன் பட்டறை அருகில் போய் நின்று, வெயில் பட்டு மின்னுகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள். மர்ஜியா துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டு, கொட்டகைமேல் ஏணி போட்டு ஏறி, கம்பத்தோடு கம்பமாக நின்று பார்த்தாள்.

"மின்னுதா?" என்று இங்கிருந்து ஜெகதாம்பாள் கத்தினாள்.

"தென்னை மறைக்குது. கம்பத்தை இன்னும் தூக்கணும்," என்று அங்கிருந்து பதில் வந்தது. கம்பத்தை உயர்த்திக் கட்டி, மறுபடி ஏறி, "இப்ப மின்னுது! தட்டு என் கண்ணுக்குத் தெரிஞ்சா பொட்டிக்கும் தெரியும்க்கா!" என்றாள்.

ஜெகதாம்பாளை அசைத்துப் பார்த்தது அதுகூட இல்லை. விவசாய ஆபீசர், உரக்கடைக்காரன், மருந்து விற்க வருகிறவன் என்று எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். எதைக் கேட்டாலும் டக்கென்று ஒரு பதில் வைத்திருப்பார்கள். இந்தப் பெண்ணிடம் மழை வந்தால் சேதி வருமா என்று கேட்டதற்கு, "தெரியலக்கா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். தெரியவில்லை என்று சொல்கிற படித்த வாயை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். அந்த இடத்திலேயே அவளுக்கு மர்ஜியாவைப் பிடித்துப்போயிற்று.

ஐந்து பல்பும் பச்சையாக எரிந்த அன்று ஊரே மோட்டார் கொட்டகைக்கு வந்துவிட்டது. வந்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். ஒருத்தி, "பொம்பளப் புள்ள, எம்புட்டு உசரம் ஏறிக்கிட்டு நிக்கிது பாரேன்" என்றாள். இன்னொருத்தர், "இப்படி ஒரு மூளையா!" என்று பெருமூச்சு விட்டார். அவர்கள் பாராட்டப் பாராட்ட ஜெகதாம்பாளுக்குப் பயம்தான் வந்தது. இத்தனை கண்ணும் பட்டால் எந்த மெஷின் தாங்கும்? காய்க்கிற காட்டிலேயே செருப்பைக் கட்டித் தொங்கவிடுகிற ஊர் இது.

ஆடி அமாவாசை வந்தது. முந்தின நாளே சந்தையில் நல்ல கனமான சாம்பல் பூசணி ஒன்று வாங்கி வைத்திருந்தாள். சுண்ணாம்பும் கரியும் குழைத்து அவளே பூத முகம் எழுதினாள். முட்டைக்கண், கோரைப்பல், மீசை. எழுதி முடித்துப் பார்த்தால் மீசை அச்சு அசல் அய்யம்பெருமாள் மீசையாக வந்திருந்தது. அழிக்க மனசு வரவில்லை. காலையில் யாரும் வருவதற்கு முன்னால் ஏணியில் ஏறி, கம்பத்தின் உச்சியில், பெட்டிக்குப் பக்கத்திலேயே தன் பட்டறையைப் பார்த்தாற்போல் உறியில் கட்டித் தொங்கவிட்டாள். திருஷ்டி கழிப்பதைத் தண்டோரா போட்டுக்கொண்டு செய்யக் கூடாது. அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மூன்றாவது பல்பு அணைந்துபோயிற்று.

மற்ற நான்கும் எரிகின்றன. அவளுடையது மட்டும் இல்லை. ஜெகதாம்பாள் பலகையைத் தட்டிப் பார்த்தாள், பல்பைத் திருகிப் பார்த்தாள். பாரேன், அத்தனை பேர் கண்ணும் கடைசியில் என் பல்பு மேலேயா விழணும், நல்லவேளை பூசணிக்காய் கட்டினோம், இல்லாவிட்டால் ஐந்தும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் அப்படித்தான் நினைத்தாள், வேறு எப்படி நினைப்பாள்!

மர்ஜியா சனிக்கிழமை கல்லூரி விட்டதும் வந்தாள். அதற்குள் இரண்டு மழை பெய்திருந்தது. சென்சாருக்குப் பேட்டரி மாற்றினாள், வரவில்லை. ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டினாள், வரவில்லை. ஏணியில் ஏறிக் கம்பத்துப் பெட்டியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினாள், அப்போதும் வரவில்லை. கடைசியில் இரண்டாவது பட்டறையின் சென்சார் பெட்டியை இங்கேயும் இங்கே இருந்ததை அங்கேயும் மாற்றி வைத்தாள். அங்கே போனதும் ஜெகதாம்பாளின் பெட்டி சமர்த்தாகப் பேசியது. இங்கே வந்த பெட்டி ஊமையாகிவிட்டது.

"பொட்டி மேல தப்பு இல்லக்கா. இங்கேருந்து அங்க போற வழியிலதான் என்னமோ இருக்கு," என்றாள் மர்ஜியா.

"சேதிதான் காத்துல போவுதே, அதுக்கு ஏது வழி?" என்று அய்யம்பெருமாள் சிரித்தார். "ஜெகதா, நீ பேசாம பட்டறைய பிரிச்சிடு. இந்தப் பொட்டிய நம்பி இருந்தீன்னா போன வருசக் கததான்."

போன வருஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஜெகதாம்பாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரித்துவிடலாம்தான். ஆனால் ஈரக்காற்றில் முழுப் பட்டறையையும் பிரித்துக் கொட்டினால் நன்றாக இருக்கிற வெங்காயமும் ஈரம் குடித்துக் கெடும். பிரிக்காமல் விட்டால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது.

"நீயாவது ஒரு வார்த்த சொல்லேன். உள்ள நல்லா இருக்கா, இல்லையா?" என்று மர்ஜியாவைப் பார்த்துக் கத்தியேவிட்டாள்.

மழைத்தூறலில் நனைந்துகொண்டு நின்ற மர்ஜியாவுக்கு முகம் வாடிப்போயிற்று. "நல்லா இருக்குன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லக்கா. கெட்டுப்போச்சுன்னும் சொல்ல முடியாது. பொய்யாத் தைரியம் சொல்லிட்டுப் போனா நாளைக்கு உங்க முகத்துல எப்படி முழிப்பேன்? இன்னைக்கு ஒரு ராத்திரி விடுங்க. காலையில வந்துடறேன்."

அந்தப் புள்ள இனிமேல் வராது என்று அய்யம்பெருமாள் சொன்னார். வரும் என்று ஜெகதாம்பாள் சொன்னாள். சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் லேசாகத் தலைகாட்டும்போதே ஸ்கூட்டி சத்தம் கேட்டது. வண்டி முழுக்கச் சேறு அப்பியிருந்தது. வந்தவள் வண்டியை நிறுத்தினதும் கேட்ட முதல் வார்த்தை, "அக்கா, அந்தத் தட்டு எங்க?"

ஜெகதாம்பாள் ஓடிப்போய்த் தட்டை எடுத்துக்கொண்டு பட்டறை அருகில் நின்றாள். மர்ஜியா கொட்டகைமேல் ஏறினாள். கம்பத்தோடு கம்பமாக, பெட்டி இருக்கிற உயரத்துக்கு ஏணியில் நின்று, பெட்டியின் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"மின்னுதா?"

 மர்ஜியா தலையை இடப்பக்கம் சாய்த்தாள். வலப்பக்கம் சாய்த்தாள். மறுபடி பெட்டிக்கு நேராகக் கொண்டுவந்தாள். பிறகு அசையாமல் நின்றுவிட்டாள். மெதுவாக இறங்கி, வரப்போடு நடந்து ஜெகதாம்பாளிடம் வந்தாள். கத்திச் சொல்லியிருக்கலாம். அவள் கத்தவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு."

"அந்தப் பூசணிக்காய யாரு கட்டுனது?"

"நாந்தான். அமாவாசையன்னிக்குக் கட்டுனேன். ஏன்?"

"அது பொட்டிக்கும் உங்க பட்டறைக்கும் நடுவுல நிக்கிது. பூசணிக்காய் முழுக்கத் தண்ணிதானக்கா. இந்த அலை தண்ணியக் கண்டா அதோட நின்னுடும், தாண்டி வராது. மத்த பட்டறை எல்லாம் பக்கம், வேற தெசை. உங்களுதுதான் தூரம். அதுவும் சரியா அந்த நேர்ல."

ஜெகதாம்பாளின் கையிலிருந்த தட்டு நழுவி வரப்பில் விழுந்தது. கண்ணுபடக் கூடாது என்று கட்டினது கண்ணையே மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறதா?

"நேத்தே அதப் பாத்தியா நீ?"

"பாத்தேன்க்கா," என்று மர்ஜியா தலையைக் குனிந்துகொண்டாள். "ஏணியில ஏறுறப்பவே பாத்தேன். உங்க சாமி காரியம், நாம ஏன் கேக்கணும், தொடணும்னு ஒதுங்கிட்டேன். அது தடுக்கும்னு தோணிருக்கணும். தோணல. என் தப்புத்தான்."

ஜெகதாம்பாள் அவளையே பார்த்தாள். தன்னைக் குற்றம் சொல்ல நூறு வழி இருந்தும் ஒன்றையும் எடுக்காமல், மனசு நோகக் கூடாதென்று வரப்பெல்லாம் நடந்துவந்து காதோடு கேட்கிறாளே, இவளை யார் பெற்றார்கள்? ஜெகதாம்பாள் அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போய் ஏணியில் காலை வைத்தாள்.

"ஏய் ஏய், அடுத்த அமாவாசை வரைக்கும் இருக்கணும். நடுவுல அறுத்தா ஆவாது!" என்று அய்யம்பெருமாள் பதறினார்.

"ஆவாதது அங்க பட்டறைக்கு உள்ள நடக்குதோ என்னமோ தெரியலண்ணே. தள்ளுங்க," என்று ஏறிப்போய் உறியை அறுத்து, பூசணிக்காயை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். கொட்டகை மூலையில் வைத்துவிட்டுப் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். மூவரும் நின்றார்கள்.  எரிந்துவிடு சாமி, எரிந்துவிடு என்று ஜெகதாம்பாள் வேண்டிக்கொண்டாள். என்ன நிறத்தில் என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லை.

மூன்றாவது பல்பு எரிந்தது. சிவப்பு.

"நடுவுல, மேல்புறம் சூடு ஏறியிருக்கு," என்று லேப்டாப்பைப் பார்த்தபடியே மர்ஜியா சொன்னாள். "ரெண்டு ஓரத்துலயும் நல்லா இருக்கு. முழுசாப் பிரிக்க வேணாம்க்கா. நடுவ மட்டும் பிரிப்போம். வாங்க!"

ஓடினார்கள். பட்டறையின் மேல் ஏறிப் பார்த்தால் மயில் உட்கார்ந்து கிளறிக் கீற்றை விலக்கிவிட்டிருந்தது. கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அந்த ஓட்டை வழியாக மழை நேராக நடுவயிற்றில் இறங்கியிருக்கிறது. படலை அவிழ்த்துக் கையை விட்டால் வெங்காயம் சுடுசோறு மாதிரி இருந்தது. நாற்றம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் போன வருஷம்தான்.

அய்யம்பெருமாள் வாயை மூடிக்கொண்டு சாக்கும் கூடையும் கொண்டுவந்தார். மோட்டார் கொட்டகைத் தரையைக் கூட்டி அங்கேயே பரப்பச் சொன்னார். பக்கத்துக் காட்டுப் பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வந்தார்கள். மர்ஜியா கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகல் நாற்றத்தில் கண்ணில் தண்ணீர் வழிய, எது நல்லது எது சொத்தை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பொறுக்கினாள். வெள்ளைச் சுடிதாரின் நிறமே மாறிப்போயிற்று. கூடைகூடையாக அழுகல் வெளியே போனது. ஆனால் ஓரத்து வெங்காயம் தொட்டால் கலகலவென்று சத்தம் போட்டது. நடுவிலும் பாதிக்குமேல் தேறிவிட்டது. ஜெகதாம்பாள் கையால் அளைந்து பார்த்தாள். தன் காடு முழுக்க நடலாம். விதைக்கு யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை, யார் வரப்பையும் தாண்ட வேண்டியதில்லை.

புதுக் கீற்று வேய்ந்து முடித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மர்ஜியா கைகால் கழுவிக்கொண்டு, ஸ்கூட்டியில் பையை மாட்டினாள்.

"நில்லு," என்றாள் ஜெகதாம்பாள்.

உள்ளே போய், மூலையில் கிடந்த பூசணிக்காயை எடுத்து, அதன் தலையில் கற்பூரம் வைத்துக் கொண்டுவந்தாள்.

"அதான் பொட்டிகிட்ட கட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கல்ல," என்றார் அய்யம்பெருமாள்.

"பொட்டிக்கு இல்ல."

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. "பாய் வூட்டுப் புள்ளைக்கு அதெல்லாம் ஒத்துக்குமா என்னன்னு கேட்டுட்டுச் செய்யி, ஜெகதா."

ஜெகதாம்பாள் யாரையும் கேட்டு எதையும் செய்கிறவள் அல்ல. ஆனாலும் நின்றாள். "ஒனக்குச் சங்கடம்னா வேணாம் ஆயி," என்றாள். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற அந்த வார்த்தை அவள் வாயில் முதல்தடவையாக வந்தது.

மர்ஜியா சிரித்துவிட்டாள். "எங்கம்மா மொளகாயும் உப்பும் சுத்திப் போடுவாங்கக்கா. ஸ்கூட்டி வாங்குன அன்னைக்கு என்னைய வண்டியோட சேத்துச் சுத்துனாங்க. பொகையில ஸ்டார்ட் பண்ணவே முடியல." சொல்லிவிட்டு ஸ்கூட்டியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி நின்றாள்.

ஜெகதாம்பாள் கற்பூரத்தை ஏற்றி அவளைச் சுற்றினாள். "கண்ணு பொட்டிக்குத்தான்னு நெனச்சேன், கூமுட்ட நான். பொட்டிய யாரு பாத்தா? ஊருசனம் மொத்தமும் ஒன்னத்தான பாத்துச்சு. நானும் ஒன்னத்தான் பாத்தேன்." குரல் உடைந்தது. அவள் அதை மறைக்கவில்லை. "எங் கண்ணுதான் முதக் கண்ணு. அதுவும் சேந்து போவட்டும். புரட்டாசி நடவுக்கு நீ வந்துரணும் ஆயி. மொத வெதைய நீதான் வக்கணும்."

"வரேன்க்கா," என்றாள் மர்ஜியா. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தின்மேல் பழிபோட அப்போது பக்கத்தில் வெங்காயம் இல்லை.

சுற்றிய பூசணிக்காயை ரோட்டில் போட்டு உடைப்பதுதான் வழக்கம். ஜெகதாம்பாளும் ரோடுவரைக்கும் போனாள். போய்ப் பார்த்தாள். பெரம்பலூருக்குப் போக ஸ்கூட்டிக்கு வேறு வழி கிடையாது, ரோடு ஏற்கெனவே ஈரம். பூசணிச் சதையில் சக்கரம் ஏறினால் வழுக்கும். கனத்த காயைத் தூக்கிக்கொண்டு திரும்பி, அய்யம்பெருமாள் காட்டைத் தாண்டி, தன் காட்டைத் தாண்டி, யார் வண்டியும் போகாத கடைசிப் பாறைவரைக்கும் நடந்துபோய் அங்கே உடைத்தாள்.